கணக்கேட்டில் இடமில்லை!

பிட்கொயின் என்ற நாணயத்தைக் கண்ணாற் கண்டவர் எவருமிலர். அது ஒரு கணக்கேட்டின் பதிவேயாகும். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்ற அக்கணக்கு, உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே விதமாக எழுதப்பட்டு வருகின்றது. ஏறக்குறைய 10 நிமிடத்துக்கு ஒரு முறை புதிய பக்கமொன்று சேரும். அப்பக்கத்தையே 'பிளொக்' என்பர். பக்கங்கள் கோக்கப்பட்ட தொடரே 'பிளொக்செயின்'.

ஒரு பக்கத்தில் எவ்வளவு எழுதலாம்? இதனைப் படைத்த, சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயர் பூண்டவர், 2010ஆம் ஆண்டில் 1 மெகாபைட் என வரம்பு கட்டினார். இரண்டாயிரம், மூவாயிரம் கொடுக்கல் வாங்கல்களுடன் பக்கம் நிரம்பிவிடும். எஞ்சியோர் காத்திருக்க வேண்டியதே.

காத்திருப்போர் பெருகினால் ஏலந்தான்! பக்கத்தை எழுதுவோர், கூடுதற் கட்டணம் தருபவரின் பதிவையே முதலில் எடுப்பர். கட்டணமோ அனுப்பும் தொகையைப் பொறுத்ததன்று; பதிவு பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது. பத்து டொலர் அனுப்புபவருக்கும் பத்து இலட்சம் அனுப்புபவருக்கும் இடத்தின் விலை ஒன்றே. 2017 டிசம்பரில் நெருக்கடி முற்றியபோது சராசரிக் கட்டணம் 50 டொலரைத் தாண்டிற்று. வங்கியின் தயவின்றி எவரும் பணம் அனுப்பலாம் என்று பேசப்பட்ட ஏற்பாடு இது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

பக்கத்தைப் பெரிதாக்கினால் என்ன? பெரிதாக்கினால் பிரதியை வைத்துச் சரிபார்க்கும் செலவு ஏறும். வீட்டுக் கணினிகள் விலகப் பெரிய கம்பனிகளே மிஞ்சும். பின்னர் வங்கிக்கும் இதற்கும் பேதமென்ன என்று ஒரு சாரார் வாதித்தனர். இவ்வச்சம் வீணானதென்று நாம் கருதவில்லை. மறுசாரார் பொறுக்கவில்லை, 2017 ஓகஸ்ட் 1ஆம் திகதி பிரிந்துபோய், 8 மெகாபைட் வரம்புடன் 'பிட்கொயின் காஷ்' என்ற நாணயத்தைத் தோற்றுவித்தனர். அதே மாதம் பழைய நாணயத்திலும் 'செக்விட்' என்ற திருத்தம் வந்தது. கையொப்பங்கள் பிடிக்கும் இடத்தைக் குறைத்துக் கணக்கிடுவதால், பக்கம் பழைய வரம்பைக் கடக்கலாயிற்று. ஆயினும் அதனைப் பலரும் கைக்கொள்ளக் காலஞ் சென்றது. மேற்சொன்ன டிசம்பர் நெருக்கடி அதற்குப் பின்னரே நேர்ந்தது.

2018 முதல் 'லைட்னிங்' என்ற முறையும் வழங்கி வருகின்றது. சிறு தொகைகளை ஏட்டுக்கு வெளியே தமக்குள் தீர்த்து, இறுதி மிகுதியை மட்டும் ஏட்டிற் பதிவர். இம்முறையிற் சொந்தமாகக் கணக்குத் திறப்பதற்கும் ஏட்டில் ஒரு பதிவு வேண்டும். அதன் கட்டணம் அன்றைய ஏலத்தைப் பொறுத்தது.