எடைக்குப் போடாதீங்க, அந்த நோட்டை!

பிளஸ் டூ முடிந்ததும் பழைய நோட்டுகளை எடைக்குப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். பிள்ளை படம் வரைகிறவர் என்றால் கொஞ்சம் பொறுங்கள்!

அகமதாபாத் என்.ஐ.டி., ஐ.ஐ.டி. மும்பை போன்ற இடங்களில் டிசைன் முதுநிலைப் படிப்புக்கு நுழைவுத்தேர்வு மட்டும் போதாது. நேர்காணலில், மாணவர் இதுவரை செய்த படைப்புகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவையும் பார்ப்பார்கள். வெளிநாட்டுக் கலைக் கல்லூரிகள் பல, இளநிலைக்கே இதைக் கேட்கின்றன.

அதில் என்ன வைப்பது? நடிகர் போட்டோவைப் பார்த்து அச்சு அசலாக வரைந்த படம் கைப்பழக்கத்தைக் காட்டும். யோசிக்கும் விதத்தைக் காட்டாது. தர்மபுரி பிள்ளைக்கு விஷயமா இல்லை? ஒகேனக்கல் பரிசலில் மூங்கிலை எப்படிப் பின்னியிருக்கிறார்கள்? அருங்காட்சியகத்து நடுகல் வீரன் எப்படி நிற்கிறான்? நாள் முழுக்க உட்கார்ந்து புளி தட்டும் அம்மாவுக்கு முதுகு வலிக்காத மணை ஒன்று செய்ய முடியுமா?

முதல் கிறுக்கல், சரிவராமல் விட்டது, திருத்தியது என மூன்றையும் தேதி போட்டு வையுங்கள். “ஏன் இப்படி மாற்றினாய்?” என்று கேட்டால், சொந்தமாகச் செய்தவருக்குப் பதில் தெரியும். அடுத்தவர் வேலையை ஒட்டி வைத்தவர் அங்கேதான் மாட்டுவார்.

இன்றே அந்தப் பக்கங்களை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு நாள் உதவும்!