சொல்விளைச்சல் – 11: ஆரூர்ச் சுவரில் நின்றுபோன வெண்பா

போன வாரம் குறுவையோடு நிறுத்தியிருந்தோம். குறுவை அறுத்த வயலில் அடுத்து வருவது தாளடி. அறுத்த தாள் நிலத்தில் நிற்க, அதை மடக்கி உழுது மறுபடி நடுகிற போகம். புரட்டாசி, ஐப்பசியில் திருவாரூர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால், “தாளடி நட்டாச்சா?” என்பதுதான் நலம் விசாரிப்பு.

சொல்லைப் பிரித்துப் பாருங்கள். தாள் என்றால் பயிரின் தாள், காகிதம், பாதம். அடி என்றால் பாதம், பாட்டின் வரி, முதுகில் விழுவதும் அதுவே. ஓர் உழவுச் சொல்லுக்குள் இத்தனை கிடந்தால் கை சும்மா இருக்குமா?

தாளடி கேட்டார் ஆசிரியர்;
தாள் இருக்கிறது,
அடிதான் முளைக்கவில்லை.

இதை ஹைக்கூ என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஜென் எங்கே, மௌனம் எங்கே, தவளை எங்கே என்று கேட்பார்கள். தமிழுக்கு ஹைக்கூ வந்த வழி அப்படி. புதுச்சேரியில் இருந்த பாரதி 1916 அக்டோபர் 16 சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதியபோது, அவரைக் கவர்ந்தது சுருங்கச் சொல்லும் குணம். 1984-இல் அமுதபாரதியின் ‘புள்ளிப் பூக்கள்’, அறிவுமதியின் ‘புல்லின் நுனியில் பனித்துளி’ என்று தொகுப்புகள் வரத் தொடங்கின. பிறகு ஊருக்கு ஊர் மூன்று வரிக்காரர்கள். அவர்களில் பெரும்பாலோர் நிலாவையும் பனித்துளியையும் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சற்று இறுக்கமாகவே வைத்துக்கொண்டார்கள்.

வேரைத் தோண்டினால் வேறு கதை. ‘ஹைக்கூ’ என்ற பெயரே மசாஓகா ஷிகி (1867–1902) நிலைநாட்டியது. அதற்கு முன் அது ‘ஹொக்கு’. ஹைகாய் என்னும் தொடர்பாட்டின் முதல் கண்ணி. ஹைகாய் என்றாலே வேடிக்கை, கேலி என்றுதான் பொருள். தவளைப் பாட்டுக்குப் பேர்போன பாஷோ அந்த வேடிக்கையை ஆழப்படுத்தினாரே தவிர ஒழித்துவிடவில்லை. வேடிக்கைக்கென்றே தனியாக ஒரு கிளையும் ஓடியது. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், காராய் சென்ரியு என்று ஒரு மணியக்காரர். அவர் பதினான்கு அசையில் ஒரு துண்டைக் கொடுப்பார். ஊர்க்காரர்கள் பதினேழு அசையில் அதற்கு ஒட்டு எழுதி அனுப்ப வேண்டும். நல்லதைத் தேர்ந்தெடுத்துச் சொல்வார். அந்த ஒட்டுகள் மட்டும் தனித்து நின்று 1765-இல் நூலாயின. நடத்தியவர் பெயரே பாட்டு வகைக்கும் பெயராயிற்று. தமிழில் ஈரோடு தமிழன்பன் 2001-இல் ‘ஒரு வண்டி சென்ரியு’ தந்தார். அதோடு விடாமல் லிமெரிக்கையும் ஹைக்கூவையும் ஒட்டுப்போட்டு லிமரைக்கூ என்றும் எழுதிப் பார்த்தார்.

பாதியைக் கொடுத்து மீதியைக் கேட்கும் இந்த ஆட்டத்துக்கு நாம் எடோவரை போக வேண்டியதில்லை. திருவாரூர்க் கோயிலே போதும்.

இரட்டைப் புலவர்கள் கதை தெரியாதவர் குறைவு. ஒருவருக்குக் கண் தெரியாது, ஒருவருக்கு நடக்க முடியாது. பார்வையற்றவர் தோளில் மற்றவர் ஏறிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். ஒருவர் முன்பாதி பாட மற்றவர் பின்பாதி முடிப்பார். அப்படிப்பட்டவர்களே ஆரூரில் மாட்டிக்கொண்டார்கள் என்கிறது செவிவழிக் கதை. முப்புரம் எரித்த சிவனைக் கிண்டலாகப் பாட எடுத்து, வில்லின் நாணையும் வில்லையும் முடித்து, அம்புக்கு வந்ததும் நின்றுவிட்டது. எழுதியமட்டும் கோயில் சுவரில் விட்டுவிட்டுப் போனார்கள். பின்னால் வந்த காளமேகம் படித்துப் பார்த்து முடித்து வைத்தார்.

கிண்டல் என்ன? நாண் வாசுகிப் பாம்பு, ஆகவே நஞ்சு உண்டு. அதே சொல்லை நைந்துபோன கயிறு என்றும் கேட்கலாம். வில் மேருமலை, ஆகவே வெறும் கல். வில்லுக்கு அவர்கள் எடுத்த சொல் சாபம். இன்று நமக்குச் சாபம் என்றால் முனிவர் இடுவது. வில் என்ற பொருளுக்கு அகராதிதான் துணை. அம்பு திருமால், மண்ணை உண்டவர். காளமேகம் அதைத் திருப்பிப் போட்டார்: மண் அரித்துத் துருவேறிய அம்பு. கயிறு நைந்தது, வில் வளையாது, அம்பு மக்கிவிட்டது. இவற்றை வைத்துக்கொண்டு மூன்று ஊரை எப்படி ஐயா எரித்தீர்? இரட்டையர் திரும்ப வந்து பார்த்து, முடித்த கையைத் தேடித் திருவானைக்காவுக்குப் போனபோது காளமேகத்தின் சிதை எரிந்துகொண்டிருந்ததாம். கதையில் எவ்வளவு வரலாறு என்பதை விடுங்கள். அம்பு என்ற இடத்தில் அந்த இருவருக்கும் கிடைக்காத இரண்டாம் பொருள் மூன்றாமவருக்குக் கிடைத்தது. எனக்கு அதுதான் பாடம்.

காளமேகம் இதைவிடத் துணிச்சலாகவும் ஆடியிருக்கிறார். காஞ்சி ஏகம்பனைப் பாடும் ஒரு வெண்பாவில் முக்கால், அரை, கால், அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா என்று கீழ்வாய் இலக்கங்களை வரிசையாக இறக்குகிறார். முக்கால் என்பது கோல் ஊன்றிய மூன்று கால். அரை, நரைக்குள் ஒளிந்திருக்கிறது. இருமா, கிழவரின் இருமல். மாகாணி, எல்லோரும் கடைசியில் போய்ச்சேரும் பெரிய காணி. ஒருமா, காஞ்சியின் ஒற்றை மாமரம். கணக்காகப் படித்தால் முக்காலிலிருந்து இருபதில் ஒன்றுவரை தேய்கிறது. பாட்டாகப் படித்தால் ஓர் ஆயுள் தேய்கிறது. திருவாரூர்க்காரருக்கு இதில் கூடுதல் ருசி. ஒரு வேலியில் இருபதில் ஒரு பங்குதான் ஒரு மா, இன்றும் “எத்தனை மா நடவு?” என்று கேட்கிற ஊர். கோயில், குளம், ஓடை மூன்றும் தலைக்கு ஐந்து வேலி என்று பெருமை பேசுகிற ஊர்.

ஆகவே அபூர்வச் சொல்லை வைத்து மூன்று வரி எழுத நினைப்பவருக்கு ஒன்று சொல்வேன். பேரகராதியைப் புரட்டி, கேட்டால் மிரளவைக்கும் சொல்லை எடுத்துப் பாட்டில் பதிக்காதீர்கள். நகைக்கடைப் பொம்மைக்கு மாட்டிய அட்டிகைபோல் அது யாருக்கும் சொந்தமில்லாமல் தொங்கும். வயலிலோ அடுப்படியிலோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிற சொல்லாகப் பாருங்கள். வெளியூராருக்கு அது அபூர்வம், உள்ளூராருக்கு அன்றாடம். சிரிப்பு அந்த இடைவெளியில் இருக்கிறது.

நெல்லைத் தாக்கும் ஆனைக்கொம்பன் ஒரு கொசு அளவு ஈ. அதன் புழு புகுந்த தூரில் கதிர் வராது. வெள்ளைக் குழல் ஒன்று தந்தம்போல் நீளும். பெயர் அதனால்.

ஆனைக்கொம்பன் வந்ததாம் வயலுக்கு;
துப்பாக்கி தேடுகிறான்
பட்டணத்து மருமகன்.

நடவுக்கு முன் வரப்பின் ஓரத்தைச் சீவிச் சரிசெய்வது அண்டை வெட்டுவது. மண்வெட்டி ஒரு விரற்கடை கூடப் போனால் வழக்கு.

அண்டை வெட்டி நிமிர்ந்தேன்.
வரப்பு மெலிந்ததென்று வருகிறார்
அண்டை வயல்காரர்.

எல்லாச் சொல்லும் இணங்காது. நடவுக்குத் தண்ணீர் கட்டி உழுது குழைத்த வயலுக்குச் சேடை என்று எவ்வளவு அழகான பேர்! திருப்பித் திருப்பிப் பார்த்தும் இரண்டாம் பொருள் கிடைக்கவில்லை. விளக்கம் பாட்டைவிட நீளமாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

ஜப்பானியர் ஹைக்கூவில் பருவச்சொல் ஒன்று இருக்க வேண்டும் என்பார்கள். அதற்கென்று பருவ அகராதியே வைத்திருக்கிறார்கள். டெல்டாவில் தனியாகத் தேட வேண்டாம். குறுவை என்றால் மேட்டூர் திறக்கும் ஜூன் 12 நினைவுக்கு வரும், தாளடி என்றால் அடைமழை. அறுப்புக் காலத்துக்கு இப்போது புதிதாக ஒரு சொல் சேர்ந்திருக்கிறது: ஈரப்பதம். கொள்முதலுக்கு 17 சதவீதம் என்பது வரம்பு. பள்ளிக்கூடம் போகாத பாட்டியும் அந்த எண்ணைச் சொல்வார். அகராதியில் இது சாதாரணச் சொல், களத்துமேட்டில் இல்லை.

ஈரப்பதம் இருபது என்று
நெல்லைத் திருப்பினார், அவர் சட்டையோ
பிழியலாம் போலிருந்தது.

(அடுத்த வாரம்: மரக்கால், படி, உழக்கு)