மாதவிடாய் நிறைவுக் காலமும் ஹார்மோன் சிகிச்சையும்

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுட்காலம் சுமார் 32 ஆண்டுகளே. 2016-20ஆம் ஆண்டுகளுக்கான மாதிரிப் பதிவுத் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, இந்தியப் பெண்களின் சராசரி ஆயுட்காலம் 71 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. நம் நாட்டில் பெண்களுக்கு மாதவிடாய் இயற்கையாக நிற்கும் சராசரி வயது 46, 47 என்று கணக்கிடப்பட்டுள்ளது. எனவே ஒரு பெண் தன் வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கை மாதவிடாய் நின்ற பின்னர் வாழ்கிறாள்.

நமது பெண்கள் நலத் திட்டங்கள் பெரும்பாலும் மகப்பேறு, தடுப்பூசி, குடும்ப நலம் ஆகியவற்றைச் சுற்றியே அமைந்தன. தாய் சேய் இறப்பைக் குறைப்பதற்கு அது இன்றியமையாததாக இருந்தது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பும் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களையே முதன்மையாகக் கேட்டறிகிறது. இதன் விளைவாக, நாற்பதைக் கடந்த பெண் தன் உடலில் தோன்றும் மாறுதல்களைப் பற்றி யாரிடம் கேட்பது என்று அறியாதவளாக இருக்கிறாள். பலர் பேசாமல் பொறுத்துக்கொள்கின்றனர். சிலர் தேவையின்றிக் கருப்பையையே அகற்றிக்கொள்கின்றனர். ஹார்மோன் சிகிச்சை என்ற ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டவர்களும், அது புற்றுநோயை உண்டாக்கும் என்ற ஒரே வாக்கியத்தோடு நின்றுவிடுகின்றனர். அச்சிகிச்சை நல்லதா கெட்டதா என்ற கேள்விக்குப் பொதுவான விடை இல்லை. எந்த வயதில், எந்த உடல்நிலையில், எந்தக் குறைபாட்டிற்காக என்று கேட்டால் மட்டுமே விடை கிடைக்கும்.

உடலில் நிகழ்வது என்ன?

பெண் குழந்தை பிறக்கும்போதே அவளது சினைப்பைகளில் கருமுட்டைகள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அமைந்துள்ளன. வயது ஏற ஏற இவை குறைந்துகொண்டே வருகின்றன. நாற்பது வயதையொட்டி, எஞ்சிய முட்டைகள் மூளையடிச் சுரப்பியின் தூண்டுதலுக்குச் சீராக இணங்குவதில்லை. ஆகவே சினைப்பைகள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஒரு மாதம் மிகுந்தும் மறு மாதம் குறைந்தும் காணப்படுகிறது. முட்டை வெளிப்படாத மாதங்களில் புரோஜெஸ்டிரோன் சுரப்பதில்லை. நான்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை நீடிக்கக்கூடிய இக்காலத்தை மாறுதல் காலம் எனலாம். தொடர்ந்து பன்னிரண்டு மாதங்கள் மாதவிடாய் வராதிருந்தால், அது நிறைவுற்றதாக, அதாவது மெனோபாஸ் ஏற்பட்டதாக, மருத்துவம் கொள்கிறது.

45 வயதைக் கடந்த பெண்ணுக்கு இந்நிலையை உறுதிசெய்ய இரத்தத்தில் ஹார்மோன் அளவைச் சோதிக்க வேண்டிய தேவை பொதுவாக இல்லை. அளவு நாளுக்கு நாள் மாறுவதால் ஒருமுறை எடுக்கும் சோதனை தவறான எண்ணத்தைத் தரக்கூடும். வயதும், மாதவிடாயின் போக்கும், அறிகுறிகளுமே போதுமானவை. நாற்பது வயதிற்கு முன்னரே மாதவிடாய் நின்றால் மட்டும் கட்டாயம் சோதனை வேண்டும்.

அறிகுறிகளும் அவற்றைப் பிரித்தறிதலும்

மார்பிலும் முகத்திலும் திடீரென வெப்பம் பரவி வியர்த்தல், இரவில் வியர்வையால் உறக்கம் கலைதல், எரிச்சல், மனச்சோர்வு, மறதி, மூட்டு வலி, பிறப்புறுப்பு வறட்சி, அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வு ஆகியவை பரவலாகக் காணப்படும் அறிகுறிகள். சிலருக்கு இவை எதுவும் தோன்றுவதில்லை. வெப்ப உணர்வு அடிக்கடி ஏற்படும் பெண்களிடையே அது சராசரியாக ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடித்ததை அமெரிக்காவில் நடந்த நீண்டகால ஆய்வு ஒன்று 2015இல் தெரிவித்தது.

எல்லாத் தொல்லைகளையும் வயதின் மேல் ஏற்றிவிடுவதும் தவறு. தைராய்டு கோளாறு, நீரிழிவு, இரத்தசோகை ஆகியவை இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கும். இரவு வியர்வையோடு இருமலும் எடை குறைதலும் சேர்ந்திருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உள்ளவர்கள். மாறுதல் காலத்தில் ஏற்படும் மிகையான உதிரப்போக்கு இந்நிலையை மேலும் மோசமாக்குகிறது.

இரண்டு செய்திகளை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருக்க வேண்டும். முதலாவது, மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி உதிரம் கண்டாலும் மருத்துவரை அணுக வேண்டும். அது கருப்பைப் புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். இரண்டாவது, மாறுதல் காலத்தில் கருத்தரிக்கும் வாய்ப்பு முற்றிலும் அற்றுப்போவதில்லை. கடைசி மாதவிடாய்க்குப் பின், ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் ஓராண்டும் அதற்குக் குறைந்தவர் ஈராண்டும் கருத்தடை முறையைத் தொடர வேண்டும். ஹார்மோன் மாற்றுச் சிகிச்சை கருத்தடை ஆகாது.

கருப்பை நீக்கம் தீர்வாகுமா?

மாறுதல் காலத்தின் மிகையான உதிரப்போக்கே நம் நாட்டில் பல பெண்களை அறுவை அரங்கிற்கு அழைத்துச் செல்கிறது. நான்காம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், கருப்பை நீக்கம் செய்துகொண்ட 15 முதல் 49 வயதுப் பெண்களின் இடைநிலை வயது 34 என்று கண்டறியப்பட்டது. ஆந்திரப் பிரதேசத்திலும் தெலங்கானாவிலும் இதன் வீதம் நாட்டின் சராசரியைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண் தொழிலாளர்களிடையே இவ்வறுவை பரவலாக நடந்தது 2019இல் வெளியானபோது, மாநில அரசு விசாரணைக் குழு அமைத்தது. விசாரிக்கப்பட்ட 80 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களில் 13 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கருப்பையை இழந்திருந்தனர்.

கருப்பையோடு சினைப்பைகளும் அகற்றப்பட்டால் அன்றைக்கே மாதவிடாய் நிறைவு நிலை வந்துவிடுகிறது. இயற்கையில் பல ஆண்டுகளில் படிப்படியாக நிகழும் மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதால் அறிகுறிகள் கடுமையாக இருக்கும். எலும்பு தேய்வும் இதய நோயும் முன்கூட்டியே வரும் வாய்ப்பு கூடுகிறது. சினைப்பைகளை விட்டுவைத்தாலும் அவை சற்று முன்னதாகவே செயலிழக்கக் கூடும்.

தேவையற்ற கருப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022இல் வழிகாட்டு நெறிகளை வகுத்தது. அவற்றை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு ஆணையிட்டது. புற்றுநோய் இல்லை என்று உறுதிசெய்த பின்னர், உதிரப்போக்கைக் குறைக்கும் மாத்திரைகள், ஹார்மோன் பொதிந்த கருப்பையகச் சாதனம், லக்னோ மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய சென்ட்குரோமன் ஆகியன உட்படப் பல வழிகள் உள்ளன. அறுவை இவற்றிற்குப் பின்னரே எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

அச்சம் எங்கிருந்து வந்தது?

ஹார்மோன் சிகிச்சை புதியதன்று. ஈஸ்ட்ரோஜன் மாத்திரைக்கு அமெரிக்கா 1942இலேயே ஒப்புதல் அளித்தது. 1960களில் அது இளமையைக் காக்கும் மருந்தாகப் புகழப்பட்டது. 1975இல் வெளியான ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொண்டவர்களுக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் மிகுவதைக் காட்டின. புரோஜெஸ்டிரோன் வகை மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் அந்த ஆபத்து நீங்குவது பின்னர் தெளிவாயிற்று. கருப்பை உள்ளவர்களுக்கு இரண்டும், இல்லாதவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் என்ற விதி அதனின்று பிறந்ததாகும்.

அமெரிக்காவில் நடந்த பெண்கள் நல முனைப்பு ஆய்வு 2002 ஜூலையில் திடீரென நிறுத்தப்பட்டது இரண்டாம் திருப்பம். கருப்பை உள்ள 16,608 பெண்கள் இப்பகுதியில் இடம்பெற்றிருந்தனர். இருவகை ஹார்மோன்களும் சேர்ந்த மாத்திரையை உட்கொண்டவர்களிடையே மார்பகப் புற்றுநோய் 26 விழுக்காடு மிகுந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவிற்று. இலட்சக்கணக்கான பெண்கள் மருந்தைக் கைவிட்டனர்.

எண்களைப் படிக்கும் முறை

26 விழுக்காடு என்பதன் பொருளை விளங்கிக்கொள்ள வேண்டும். மருந்து உட்கொள்ளாத 10,000 பெண்களில் ஓராண்டில் 30 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. மருந்து உட்கொண்ட 10,000 பேரில் 38 பேருக்குக் கண்டது. மிகுதி 8 பேர். ஐந்தாண்டுகள் உட்கொண்டால் ஆயிரம் பேரில் ஏறக்குறைய நான்கு பேர் கூடுதல் என்று இதைக் கொள்ளலாம். இதே கணக்கில் பக்கவாதம் 21இலிருந்து 29 ஆயிற்று; நுரையீரல் இரத்த உறைவு 8இலிருந்து 16 ஆயிற்று. மறுபுறம் இடுப்பெலும்பு முறிவு 15இலிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16இலிருந்து 10 ஆகவும் குறைந்தன.

இவ்வாய்வில் சேர்ந்தவர்களின் வயது 50 முதல் 79 வரை, சராசரி 63. அதாவது பெரும்பாலோர் மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து மருந்தைத் தொடங்கியவர்கள். அறுபது வயதிற்கு முன், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுகளுக்குள், தொடங்குபவர்களுக்கு ஆபத்து குறைவு என்பது பின்னர் செய்த பகுப்பாய்வுகளில் புலனாயிற்று. கருப்பை இல்லாது ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றவர்களிடையே மார்பகப் புற்றுநோய் மிகவில்லை. பதினெட்டு ஆண்டுத் தொடர் கண்காணிப்பின் முடிவு 2017இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களின் மொத்த இறப்பு வீதம் உயரவில்லை என்று கண்டனர். 2025 நவம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், இம்மருந்துகளின் குறிப்பேட்டில் இதய நோய், மார்பகப் புற்றுநோய், மறதிநோய் பற்றி இடம்பெற்ற முதன்மை எச்சரிக்கையை நீக்குவதாக அறிவித்தது. ஈஸ்ட்ரோஜனைத் தனியே உட்கொள்வதால் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வரும் என்ற எச்சரிக்கை மட்டும் தொடர்கிறது.

எச்சரிக்கை நீங்கியதால் ஆபத்து முற்றிலும் நீங்கிவிட்டது என்று கொள்ளலாகாது. மேலும், நம் நாட்டில் மார்பகப் புற்றுநோயின் வீதம் அமெரிக்காவைவிடக் குறைவாயினும், நீரிழிவும் இதய நோயும் இளம் வயதிலேயே தோன்றுகின்றன. ஆகவே அந்நாட்டு எண்களை அப்படியே எடுத்தாளாமல், ஒவ்வொரு பெண்ணின் உடல்நிலையையும் தனித்தனியே ஆராய வேண்டும்.

முடிவெடுக்கும் முன் கேட்க வேண்டியவை

முதற்கேள்வி, தொல்லை எவ்வளவு என்பது. வெப்ப உணர்வும் வியர்வையும் உறக்கத்தையும் அன்றாடப் பணியையும் கெடுக்குமானால், அவற்றைப் போக்க ஹார்மோனுக்கு இணையான மருந்து இல்லை. தொல்லை இல்லாதவர் இளமையை நாடியோ இதயத்தைக் காக்கும் நோக்கத்துடனோ அதை உட்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டாவது, வயது எவ்வளவு, மாதவிடாய் நின்று எத்தனை ஆண்டுகள் ஆயின என்பது. 45 வயதிற்கு முன் மாதவிடாய் நின்றவர்களின் நிலை வேறு. இயற்கையாக நின்றாலும் அறுவையால் நின்றாலும், தடை ஏதும் இல்லையெனில், வழக்கமான நிறைவு வயது வரையிலேனும் அவர்கள் ஹார்மோன் பெறுவது பரிந்துரைக்கப்படுகிறது. உடல் இழந்த ஒன்றையே அவர்களுக்கு ஈடுசெய்கிறோம். ஆனால் இளம் வயதில் கருப்பையும் சினைப்பையும் அகற்றப்பட்ட நம் கிராமப்புறப் பெண்களுக்கு இதை எடுத்துரைப்போர் அரிது.

மூன்றாவது, தடைகள் உண்டா என்பது. மார்பகப் புற்றுநோய் அல்லது கருப்பைப் புற்றுநோய் கண்டவர், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர், முன்பு இரத்த உறைவோ மாரடைப்போ பக்கவாதமோ ஏற்பட்டவர், கல்லீரல் நோய் முற்றியவர் ஆகியோர்க்கு இச்சிகிச்சை பொதுவாகத் தகாது. இரத்த அழுத்தம் மிகுந்தவர் முதலில் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும்.

நான்காவது, எவ்வடிவில் என்பது. தோலில் ஒட்டும் பட்டையாகவோ தடவும் களிம்பாகவோ வழக்கமான அளவில் பெறும் ஈஸ்ட்ரோஜன், மாத்திரையைப் போல் இரத்த உறைவைக் கூட்டுவதாகத் தெரியவில்லை. வறட்சியும் சிறுநீர்த் தொல்லையும் மட்டுமே உள்ளவர்களுக்குப் பிறப்புறுப்பில் இடும் குறைந்த அளவு மருந்தே போதும். அது இரத்தத்தில் மிகச் சிறிதளவே கலக்கிறது.

தொடங்கிய பின் ஆண்டுதோறும் மருத்துவரைக் கண்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

ஹார்மோன் இன்றி

ஹார்மோன் தகாதவர்களுக்கும் விரும்பாதவர்களுக்கும் வேறு வழிகள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகள் குறைந்த அளவில் வெப்ப உணர்வைத் தணிக்கின்றன. அறிதல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் ஆலோசனை முறை உறக்கத்திற்கும் மனநிலைக்கும் துணைபுரிகிறது. சோயா பயனளிப்பது சிறிதே. நாள்தோறும் நடையும், தசைகளுக்கு வலிமை தரும் பயிற்சியும், சூரிய ஒளியும் எலும்பைக் காக்கும். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. பால், தயிர், கீரை ஆகியவற்றோடு, 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் கொண்ட கேழ்வரகும் அதைத் தரவல்லது. புகையிலையைக் கைவிடுதல் எல்லாவற்றிலும் மேலானது. புகைபிடிக்கும் பெண்களுக்கு மாதவிடாய் ஓரிரு ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது.

சுகாதார அமைப்பின் பணி

இதற்கெனப் புதிய அமைப்பு எதுவும் வேண்டியதில்லை. முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரத்த அழுத்தம், நீரிழிவு, வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய் ஆகியவற்றைக் கண்டறியும் திட்டம் ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்கள் வாயிலாக நடைபெறுகிறது. ஆஷா பணியாளர் வீடு வீடாகச் சென்று குறிப்பெடுக்கிறார். நாற்பதைக் கடந்த பெண்ணிடம் அவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம்: மாதவிடாய் எந்நிலையில் உள்ளது? உதிரம் மிகையா? உறக்கம் கெடுகிறதா? அதே பரிசோதனைகளின் முடிவுகளே, ஹார்மோன் சிகிச்சைக்கு அப்பெண் தகுதியானவரா என்று முடிவு செய்யவும் மருத்துவருக்குப் பயன்படும்.

மாவட்ட அளவில் கருப்பை நீக்கங்களைக் கண்காணிக்கும் குழுக்கள் தவறாது கூட வேண்டும். நாற்பது வயதிற்குக் குறைந்தவர்களுக்கு நடந்த ஒவ்வோர் அறுவைக்கும் காரணம் கேட்க வேண்டும். மருத்துவரும் செவிலியரும் இம்மாறுதல் காலத்தைப் பற்றிப் பேசப் பயிற்சி பெற வேண்டும். மாதவிடாய் நிறைவு இயற்கையானது. ஆயினும் அதன் பெயரால் துன்புறுவது கட்டாயமன்று. உண்மைகளை அறிந்து தனக்கு ஏற்றதைத் தானே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பை அப்பெண்ணுக்கு அளிப்பது, மகப்பேற்றுக் காலத்தில் அவளுக்குத் துணைநின்ற சுகாதார அமைப்பின் தொடர்கடமை ஆகும்.