கரம்பை அடிக்கும் முன் கையில் காகிதம்

குளம் வற்றியதும் திண்டுக்கல் பக்கத்துச் செம்மண் காட்டுக்காரர்களுக்குக் கை பரபரக்கும். குளத்து வண்டலான கரம்பையை அடித்த காட்டில் ஈரம் நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். "எல்லாம் பாத்துக்கலாம்ணே" என்று எவனோ சொன்னதை நம்பி, அனுமதி இல்லாமல் டிராக்டரை இறக்குவார்கள். நாலு நடை ஓடும். ஐந்தாவது நடையில் வருவாய்த்துறை ஜீப் குறுக்கே நிற்கும். பிறகு வண்டி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் காயும், உரிமையாளர் கோர்ட்டுக்கு அலைவார். இத்தனைக்கும் விவசாயிக்கு அந்த மண் இலவசம்!

அமெரிக்காவில் மண், நீர்ப் பாதுகாப்புக்கென்றே 1937 முதல் வட்டார அமைப்புகள் உண்டு. இங்கே பண்ணைக்குட்டைக்கு வேளாண்மைப் பொறியியல் துறை, மண் பரிசோதனைக்கு வேளாண்மைத் துறை, வண்டலுக்கு வருவாய்த்துறை. எதற்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று பலகை எழுதி வைக்க யாருக்கும் மனமில்லை.

வண்டல் எடுக்க இப்போது கலெக்டர் ஆபீஸ் வரை போக வேண்டாம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தருகிறார். மனுவை இ-சேவை வழியாகப் போடலாம். அதற்கு முன், உங்கள் குளம் மாவட்ட அரசிதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் கேளுங்கள். இல்லையென்றால் மனு வீண். சிட்டா, அடங்கல், ஆதார் மூன்றிலும் பெயர் ஒத்திருக்க வேண்டும். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரிலேயே இருக்கிறதா? முதலில் அதை மாற்றுங்கள். பல மனுக்கள் அங்கேதான் சிக்குகின்றன.

நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புன்செய்க்கு 90 கன மீட்டர், 30 லோடு. அதற்கு மேல் ஒரு லோடும் கூடாது. செங்கல் சூளைக்கு விற்றால் அது விவசாயம் அல்ல, கனிமத் திருட்டு. அனுமதிச் சீட்டு டிரைவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும், வீட்டுப் பீரோவில் அல்ல.

யாரும் காதில் வாங்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் தோல் பதனிடும் ஊர். தோல் ஷாப் கழிவு இறங்கிக் கிணறுகள் உப்புக் கரித்துப்போன கதை இங்கே பழசு. அந்த நீர் சேர்ந்த குளத்து மண்ணைக் காட்டில் கொட்டினால் காடே கெடும். குளத்தில் நாலைந்து இடங்களில் எடுத்த மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைத் துணிப்பையில் கட்டி மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பு அளவும் கார அமில நிலையும் கேட்டு வாங்குங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் சத்து அல்ல.

திரும்பவும் சொல்கிறேன்: அனுமதி கைக்கு வராமல் ஒரு நடைகூட அடிக்காதீர்கள். மனுவை மாசியிலேயே போட்டுவிடுங்கள். கோடை மழையில் குளத்துக்குள் முழங்கால் தண்ணீர் நின்றுவிட்டால், சீட்டு இருந்தும் டிராக்டர் இறங்காது.