ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தொகுப்பும் தனி நச்சுநிரல் தடுப்பு மென்பொருளும்

கணினிக்கோ அதன் பயனருக்கோ தீங்கு செய்யும் நோக்கில் எழுதப்படும் நிரல்கள் தீநிரல்கள் எனப்படுகின்றன. நச்சுநிரல், புழு, ஒற்றறியும் மென்பொருள், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் ஆகியவை இவற்றுள் அடங்கும். இவற்றைத் தடுக்கும் மென்பொருள்கள் சந்தையில் இரு வடிவங்களில் கிடைக்கின்றன. தீநிரலைக் கண்டறிந்து நீக்கும் பணியை மட்டும் செய்வது தனி நச்சுநிரல் தடுப்பு மென்பொருள். இது ஆன்ட்டி வைரஸ் என்றும் அழைக்கப்படுகிறது. அதனுடன் தீயரண், கடவுச்சொல் காப்பகம், பெற்றோர் கட்டுப்பாடு, காப்புநகல் போன்றவற்றையும் ஒரே நிறுவலில் தருவது ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தொகுப்பு.

ஒரே நிறுவனம் இரண்டையும் விற்பதுண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கே7 நிறுவனமும் தனி மென்பொருள், முழுத் தொகுப்பு ஆகிய இரு வகைகளையும் வெளியிடுகிறது. விண்டோஸ் இயங்குதளம் உள்ள வீட்டுக் கணினிகளில்தான் இந்தத் தேர்வு பெரும்பாலும் எழுகிறது. கணினியில் ஏற்கெனவே எந்தக் காவல் இருக்கிறது, எது இல்லை என்று அறிந்த பின்னரே சரியான தேர்வைச் செய்ய முடியும்.

வரலாறு

பாகிஸ்தானின் லாகூர் நகரில் எழுதப்பட்ட பிரெயின் என்னும் நச்சுநிரல் 1986 இல் நெகிழ்வட்டுகள் வழியாகப் பரவியது. அடுத்த ஆண்டிலேயே வணிக நோக்கிலான தடுப்பு மென்பொருள்கள் வரத் தொடங்கின. அக்காலத்தில் தீநிரல் வட்டு வழியாகவே வந்ததால், கோப்புகளைச் சோதித்தாலே போதுமானதாக இருந்தது.

இணையம் பரவியபின் நிலைமை மாறியது. 2003 ஆகஸ்டில் பரவிய பிளாஸ்டர் புழு, பயனர் எந்தக் கோப்பையும் திறக்காமலேயே, விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டை வழியாக வலையமைப்பின் மூலம் கணினிக்குள் நுழைந்தது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளில் எதை அனுமதிப்பது, எதை மறுப்பது என்று முடிவு செய்யும் தீயரண் இதனால் இன்றியமையாததானது. பலர் ஒரு நிறுவனத்தின் நச்சுநிரல் தடுப்பையும் மற்றொரு நிறுவனத்தின் தீயரணையும் தனித்தனியே நிறுவிக்கொண்டனர். இவற்றை ஒரே பெட்டியில் சேர்த்துத் தரும் தொகுப்புகளும் பெருகின.

இதற்கிடையே மைக்ரோசாப்ட் நிறுவனம் பாதுகாப்பை இயங்குதளத்துக்குள்ளேயே சேர்க்கத் தொடங்கியது. 2004 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி இரண்டாம் சேவைப் பொதியில் தீயரண் இயல்பாகவே இயங்கும்படி அமைக்கப்பட்டது. 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 இல் டிஃபெண்டர் என்னும் நச்சுநிரல் தடுப்பு உள்ளமைந்தே வந்தது. எனவே இன்று பயனர் முன் இருப்பவை மூன்று வழிகள்: உள்ளமைந்த பாதுகாப்பை மட்டும் நம்புவது, தனி மென்பொருள் ஒன்றை நிறுவுவது, முழுத் தொகுப்பை வாங்குவது.

நிகழ்நேரக் காவல் ஒன்றே போதும்

தடுப்பு மென்பொருளின் முதன்மைப் பணி நிகழ்நேரக் காவல். ஒரு கோப்பு திறக்கப்படும்போது, இயங்குதளம் அதை நிரலுக்கு அளிக்கும் முன்பே தடுப்பு மென்பொருள் இடைமறித்துச் சோதிக்கிறது. முன்பே அறியப்பட்ட தீநிரலின் அடையாளக் குறிகள் அதில் உள்ளனவா என்று ஒப்பிடுகிறது. நிரலின் நடத்தையையும் கவனிக்கிறது. குறுகிய நேரத்தில் நூற்றுக்கணக்கான கோப்புகளை மாற்றி எழுதும் நிரல் பணயத் தீநிரலாக இருக்கலாம் என்று ஐயப்படுவது நடத்தைச் சோதனைக்கு எடுத்துக்காட்டு.

இரண்டு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் இப்பணியைச் செய்தால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது. முதலாவது மென்பொருள் சோதனைக்காகக் கோப்பைத் திறப்பதையே இரண்டாவது இடைமறித்துச் சோதிக்கலாம். ஒன்று சேமித்து வைத்துள்ள அடையாளக் குறிகளை மற்றொன்று தீநிரல் என்று எண்ணிவிடலாம். இதனால் கணினி மந்தமாகும். சில வேளைகளில் உறைந்தும் போகும். வேறு மென்பொருள் நிறுவப்பட்டால் டிஃபெண்டர் தன் நிகழ்நேரக் காவலைப் பொதுவாகத் தானே நிறுத்திக்கொள்வது இதனால்தான்.

பயனர் இயக்கும்போது மட்டும் கணினியை வருடிப் பார்க்கும் மென்பொருள்கள் இதற்கு விதிவிலக்கு. அவை எப்போதும் காவலில் நிற்பதில்லை. எனவே இரண்டாம் கருத்துக்காக அவற்றைப் பயன்படுத்தலாம்.

தொகுப்பின் கூறுகளும் மாற்று வழிகளும்

தொகுப்பின் விலையில் எதற்குப் பணம் செலுத்தப்படுகிறது என்பதை அறிய, அதன் ஒவ்வொரு கூறையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

தீயரண்: விண்டோஸில் உள்ளமைந்தே உள்ளது. தொகுப்பின் தீயரண் எந்த நிரல் இணையத்தைத் தொடுகிறது என்பதை எளிதாகக் காட்டலாம்.

போலித் தளத் தடுப்பு: வங்கித் தளம் போல நடிக்கும் தளங்களைப் பற்றி குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகிய உலாவிகளும் எச்சரிக்கின்றன.

கடவுச்சொல் காப்பகம்: உலாவிகளில் இலவசமாக உள்ளது, தனிச் செயலிகளும் கிடைக்கின்றன. தொகுப்பின் காப்பகத்தைப் பயன்படுத்தினால், சந்தாவை நிறுத்தும் முன் கடவுச்சொற்களை வேறிடத்துக்கு மாற்ற வேண்டும்.

பெற்றோர் கட்டுப்பாடு: மைக்ரோசாப்ட், கூகுள் ஆகிய நிறுவனங்கள் இதனை இலவசமாக வழங்குகின்றன.

விபிஎன்: விலை குறைந்த தொகுப்புகளில் இதன் பயன்பாட்டுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வரம்பு இருப்பதுண்டு.

காப்புநகல்: வெளி வன்தட்டு ஒன்று இருந்தால் தொகுப்பு இல்லாமலேயே செய்யலாம்.

நன்மை தீமைகள்

தொகுப்பின் பெரிய நன்மை எளிமை. ஒரே சாளரம், ஒரே சந்தா, உதவிக்கு அணுக ஒரே நிறுவனம். அதன் கூறுகள் ஒன்றோடொன்று மோதாதவாறு வடிவமைக்கப்படுகின்றன. பல கணினிகளும் கைப்பேசிகளும் உள்ள குடும்பத்துக்கும், அமைப்புகளைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாத முதியவர்களுக்கும் இது பயன்படும்.

மறுபுறம், பயன்படாத கூறுகளும் நினைவகத்தில் இடம் பிடிக்கும். முதலாண்டுத் தள்ளுபடி முடிந்து, தானாகப் புதுப்பிக்கப்படும்போது கட்டணம் உயர்வது வழக்கம். அடிக்கடி தோன்றும் விளம்பர அறிவிப்புகளுக்குப் பழகிய பயனர் உண்மையான எச்சரிக்கையையும் மூடிவிட வாய்ப்புண்டு.

தனி மென்பொருள் இலகுவானது. பிடிக்காவிட்டால் மற்ற ஏற்பாடுகளைக் கலைக்காமல் மாற்றலாம். ஆனால் எஞ்சிய காவல்கள் இயங்குகின்றனவா என்று பயனரே கவனிக்க வேண்டும்.

இரு வடிவங்களுக்கும் பொதுவான இடர்ப்பாடும் உண்டு. பாதுகாப்பு மென்பொருளுக்குக் கணினியின் ஆழம்வரை அணுக்கம் தரப்படுவதால், அதன் பிழையும் பெரிதாகவே அமையும். 2010 ஏப்ரலில் மெக்காஃபி வெளியிட்ட இற்றை ஒன்று விண்டோஸ் எக்ஸ்பியின் இன்றியமையாத கோப்பையே நச்சுநிரல் என்று தவறாகக் கருதி முடக்கியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் தவறான இற்றையால் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்ததாக மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது.

தனியுரிமையும் கருதத்தக்கது. பயனர்களின் உலாவல் தரவுகளை விற்றது தொடர்பாக அமெரிக்க வணிக ஆணையம் 2024 இல் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் செலுத்தச் செய்தது.

தேர்ந்தெடுக்கும் முறை

புதிய மடிக்கணினிகளில் குறுகிய காலச் சோதனைப் பதிப்பாக ஒரு தொகுப்பு முன்பே நிறுவப்பட்டிருப்பது வழக்கம். காலம் முடிந்தும் அதை அப்படியே விட்டுவைப்பது ஆபத்தானது. இற்றை பெறாத மென்பொருள் புதிய தீநிரல்களை அறியாது. அதன் சின்னம் திரையில் இருப்பதால் பயனரோ பாதுகாப்பு இருப்பதாக நம்பிவிடுவார். சந்தா செலுத்த வேண்டும், அல்லது முழுமையாக நீக்கிவிட வேண்டும். நீக்கிய பின் விண்டோஸ் செக்யூரிட்டி பக்கத்தில் டிஃபெண்டர் மீண்டும் இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒரே கணினியில் படிப்பும் இணைய உலாவலும் மட்டும் செய்யும் மாணவருக்கு, இற்றைப்படுத்தப்பட்ட விண்டோஸும் அதன் உள்ளமைந்த காவலும் பெரும்பாலும் போதும். பலரின் பென் டிரைவ்கள் வந்துபோகும் அச்சு நிலையம் போன்ற இடங்களுக்குக் கட்டணத் தனி மென்பொருளும் அதன் உதவிச் சேவையும் பயன்படலாம். மேலே கண்ட கூறுகளில் மூன்று நான்கேனும் உண்மையில் தேவைப்பட்டால் தொகுப்பு ஆதாயமாகும்.

மென்பொருளின் திறனை ஒப்பிட, ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய ஆய்வகங்கள் வெளியிடும் சோதனை முடிவுகளைப் பார்க்கலாம். ஒரே சோதனையை மட்டும் நம்பாமல் தொடர்ச்சியான முடிவுகளைக் காண்பது நல்லது.

இரண்டாலும் இயலாதவை

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வான்னாகிரை பணயத் தீநிரல் பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. இயங்குதளத்தை உடனுக்குடன் இற்றைப்படுத்துவதற்கு எந்தத் தொகுப்பும் மாற்றாகாது. பூட்டப்பட்ட கோப்புகளை மீட்க, கணினியிலிருந்து கழற்றி வைக்கப்பட்ட காப்புநகலே உறுதியான வழி.

தொலைபேசியில் வங்கி அதிகாரி போலப் பேசுபவரிடம் பயனரே ஒருமுறைக் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டால், அதைத் தடுக்க எந்த மென்பொருளாலும் இயலாது. இந்தியாவில் இவ்வாறு பணம் இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் அளிக்க வேண்டும். விரைவில் புகார் அளித்தால், பணம் கைமாறிச் செல்லும் முன் அதை முடக்கிவைக்க வாய்ப்புண்டு.