ஜமக்காளத்தைச் சுவரில் மாட்டாதீர்கள்

வெள்ளைச் சுவர், சாம்பல் நிற சோபா, வெளிர் மரத்தில் டிவி அலமாரி. கடந்த சில வருடங்களில் கட்டிய ஃபிளாட்டுகளில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முன்பே வந்துபோன இடம் போலத் தோன்றுகிறது. அந்த அலுப்பில்தான் பலர் மறுபடி நிறத்தைத் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். பெயின்ட்டை மாற்றுவது பெரிய செலவு. துணியை மாற்றுவது எளிது. கைத்தறிக் கண்காட்சிகளில் புடவைப் பக்கத்தைத் தாண்டி, விரிப்பு, திரை, தலையணை உறை இருக்கும் பக்கமும் இப்போது கூட்டம் நிற்கிறது. மனசுக்கு நிறைவான காட்சி அது.

தேர்ந்தெடுக்க நிறையவே இருக்கிறது. கர்நாடகத்தின் நவல்குந்தில் பெண்கள் செங்குத்துத் தறியில் நெய்யும் விரிப்பில் மயில் இருக்கும், பகடை ஆட்டத்தின் கட்டமும் இருக்கும். வாரங்கல் விரிப்புகளில் சிலவற்றுக்கு, நெய்வதற்கு முன்பே நூலைக் கட்டிச் சாயம் ஏற்றிவிடுகிறார்கள். நீலகிரியின் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியின் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பு, கறுப்பு நூலால் போடும் தையல், ஒரு மேசை விரிப்பாக இருந்தாலே அறைக்குப் போதும். சென்னிமலைப் போர்வையை சோபா மேல் போட்டால் அந்தச் சாம்பல் நிறம் பாதி மறைந்துவிடும்.

ஆனால் இந்தக் கட்டுரையை நான் பவானியில்தான் நிறுத்தப்போகிறேன். என் கவலை அங்கேதான் இருக்கிறது.

காவிரியும் பவானியும் கூடும் அந்த ஊரில் நெய்யப்படும் ஜமக்காளத்துக்கு அறிமுகம் தேவையில்லை. சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள், கருநீலம் என்று பட்டை பட்டையாக ஓடும் அந்தத் தடித்த பருத்தி விரிப்பில் உட்காராமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. பெண் பார்க்க வந்தவர்கள் உட்கார்ந்தது அதில்தான். பஞ்சாயத்து, கச்சேரி, கொலுவுக்கு வந்த பெண்களின் பாட்டு, காதுகுத்து, பந்தி முடிந்து பெரியவர்கள் போட்ட தூக்கம், எல்லாம் அதன் மேல்தான் நடந்தன. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்து மில் துணி இங்கே வந்து குவிந்து உள்ளூர் நெசவு படுத்தபோது, ஜங்கமர் சமூகத்து நெசவாளர்கள் தடித்த வண்ண நூலை எடுத்துக்கொண்டு இதை நெய்யத் தொடங்கினார்கள் என்பது பவானியில் சொல்லப்படும் வரலாறு. மில்லோடு போட்டி போட முடியாத இடத்தில், மில் நெய்யாத ஒன்றை நெய்தார்கள்.

இப்போது ஜமக்காளத்துக்குப் புதிய மவுசு வந்திருக்கிறது. கைப்பை ஆகிறது, தலையணை உறை ஆகிறது, சாப்பாட்டு மேசையின் நடுவில் நீளமாகப் போடும் துணி ஆகிறது. சட்டம் போட்டுச் சுவரில் மாட்டவும் செய்கிறார்கள். பார்க்க அழகுதான். சின்னச் சின்னப் பொருளானாலும் நெசவாளருக்கு வேலை கிடைக்கிறதே என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் உண்மைதான்.

இருந்தும் எனக்கு மனம் ஒப்பவில்லை. காரணம் தறியில் இருக்கிறது.

ஜமக்காளம் குழித்தறியில் நெய்யப்படுவது. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதியை மாற்றி மாற்றி மிதித்து, தரைமட்டத்தில் விரிந்திருக்கும் பாவின் முன்னால் உட்கார வேண்டும். அகலம் குறைவான விரிப்பை ஒருவரே நெய்துவிடலாம். பெரிய ஜமக்காளத்துக்கு அது ஆகாது. ஒரு ஆளின் கை எட்டாத அகலம் அது. இரண்டு பேர் அருகருகே குழியில் இறங்க வேண்டும். இந்தப் பக்கத்தவர் நாடாவை எறிய, அந்தப் பக்கத்தவர் பிடித்துத் திருப்பி எறிவார். பலகையை இழுத்து அடிப்பதும் இருவரும் சேர்ந்துதான். ஒருவர் ஓங்கி அடித்து மற்றவர் தளர விட்டால் ஒரு பக்கம் நெருங்கி, மறுபக்கம் தளர்ந்து, விரிப்பு கோணிக்கொள்ளும். இருவருக்கும் வேகம் ஒத்துவர வேண்டும், அடிக்கும் பலம் ஒத்துவர வேண்டும். பல வருடம் பழகிய ஜோடிக்குத்தான் அது கூடும். பேசாமலேயே ஒருவர் எப்போது நூல் மாற்றப்போகிறார் என்று மற்றவருக்குத் தெரியும்.

இந்த ஜோடிதான் இப்போது கிடைப்பதில்லை. ஈரோட்டுக்கும் திருப்பூருக்கும் தினமும் பஸ் ஓடுகிறது. பனியன் கம்பெனியில் கூலி உறுதி. தறியில் நெய்த அளவுக்குத்தான் காசு. மழைக்காலத்தில் குழிக்குள் ஈரம் ஏறினால் அதுவும் இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போவதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் பல கைத்தொழில்களில் ஒரு ஆள் விலகினால் ஒரு ஆளின் வேலைதான் குறையும். இங்கே ஒருவர் விலகினால் அகலத்தறியில் பக்கத்தில் இருந்தவரின் வேலையும் நின்றுவிடுகிறது. கை நிறைய வித்தை இருந்தும் அவர் சின்ன விரிப்புக்கு மாற வேண்டியதுதான்.

இதோடு சந்தையும் சின்ன அளவையே கேட்டால் என்ன ஆகும்? தலையணை உறைக்கும் மேசைத் துணிக்கும் அகலத்தறி வேண்டாம். கேட்பார் இல்லாத அகலத்தறியைப் பிரித்துப் போட்டுவிட்டு, அந்தக் குழியை மூடிச் சிமென்ட் பூசிவிட்டால், பிறகு எத்தனை விருது கொடுத்தாலும் அந்த ஜோடி நெசவு திரும்பாது. கைப்பை பிழைத்துக்கொள்ளும். பத்துப் பேர் உட்காரும் ஜமக்காளம் பிழைக்காது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படி, விசைத்தறியில் நெய்யக் கூடாது என்று கைத்தறிக்கே ஒதுக்கிய பொருட்களில் ஜமக்காளமும் ஒன்று. 22 பொருட்களாக இருந்த அந்தப் பட்டியல் பிறகு 11 ஆகக் குறைந்தபோதும் ஜமக்காளம் அதில் நிலைத்தது. அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1993-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பவானி ஜமக்காளத்துக்கு 2005-06லேயே புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் விசைத்தறியில் ஓட்டிய விரிப்பு அதே பட்டை, அதே நிறத்தோடு, பாதி விலையில் கடைவாசலில் தொங்குகிறது. காகிதத்தில் இருக்கும் பாதுகாப்பு கடைவாசல் வரை வரவில்லை.

வாங்குகிறவர் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல பருத்தி ஜமக்காளம் கனக்கும். செயற்கை இழை கலந்தது வழவழவென்று இருக்கும், மொசைக் தரையில் வழுக்கும். பட்டைகள் அளவெடுத்த மாதிரி இல்லாமல் ஓரிடத்தில் இழையளவு கூடக் குறைய இருந்தால் அதைக் குறையாக நினைக்காதீர்கள்.

முக்கியமாக, பெரியதாக வாங்குங்கள். ஹாலில் சோபாவை ஒரு ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் விரியுங்கள். ஜமக்காளத்தின் நிறமே அதன் அகலத்தில்தான் இருக்கிறது. ஒரு முழத் துண்டில் சிவப்பு வெறும் சிவப்பு, பத்தடி நீளத்தில் அதே சிவப்பு பச்சையோடும் ஊதாவோடும் சேர்ந்து அறையையே எழுப்பிவிடும். சுவரையோ திரையையோ மாற்ற வேண்டியதில்லை. வெள்ளைச் சுவர் அப்போதுதான் நன்றாக இருக்கும். பிள்ளைகள் அதில் உருளட்டும், வந்தவர்கள் சம்மணம் போட்டு உட்காரட்டும். முட்டி வலிக்கிறவர்களுக்கு சோபா ஓரத்தில் இருக்கவே இருக்கிறது.

கல்யாண மண்டபங்களிலும் ஜமக்காளத்தைக் கேட்க வேண்டும். வாடகைக்கு வரும் சிவப்பு சிந்தடிக் கார்ப்பெட்டுக்குப் பல வீடுகளில் செலவழிக்கிறார்கள். மறுநாள் அது லாரி ஏறிவிடும். அந்தச் செலவில் ஒரு பங்கைப் போட்டுப் பெரிய ஜமக்காளம் ஒன்று நெய்யச் சொன்னால், கல்யாணத்துக்கும் ஆகும், அடுத்த தலைமுறைக்கும் ஆகும்.

பராமரிப்பு பெரிய வேலை இல்லை. முதல் தடவை தனியாகத் தண்ணீரில் அலசுங்கள், மற்றத் துணியோடு போட்டால் சாயம் ஏறலாம். நிழலில் உலர்த்துங்கள். எப்போதும் ஒரே மடிப்பில் மடித்தால் அந்தக் கோட்டில் நூல் நைந்துபோகும். சுருட்டி நிறுத்தி வையுங்கள்.

கடையில் தயாராக இருப்பது பெரும்பாலும் சின்ன அளவுதான். பெரியது வேண்டுமானால் ஹாலின் நீள அகலத்தை அளந்து, பிடித்த நிறங்களைக் குறித்துக்கொண்டு, பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களில் சொல்லி வைக்க வேண்டும். பாவு ஓட்டி, ஜோடி சேர்ந்து, நெய்து முடிக்க அவர்களுக்கு நாள் வேண்டும். தீபாவளிக்கு விரிக்க ஆசை இருந்தால் ஆடியிலேயே சொல்லிவிடுங்கள்.