பழைய டிராக்டரில் கிளட்ச் மாற்றுதல்

கிளட்ச் என்பது டிராக்டரின் எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் இடையே விசையை இணைக்கவும் துண்டிக்கவும் உதவும் பகுதியாகும். எஞ்சினோடு சுழலும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில் கிளட்ச் பிளேட் இறுகப் பிடிக்கப்பட்டிருக்கும். பெடலை மிதித்தால் பிடி தளரும்; விட்டால் மீண்டும் இறுகும்.

தேயக் காரணம்

ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடி போன்ற கீழ்ப்பழனி மலைச் சாலைகளில் பாரத்துடன் ஏறும்போது பெடலைப் பாதி மிதித்தபடி ஓட்டினால், பிளேட் வழுக்கிச் சூடேறி விரைவில் தேயும். எஞ்சின் வேகம் கூடியும் வண்டி நகராமை, கருகிய வாடை ஆகியவை இதன் அறிகுறிகள்.

உடனே பிரித்துவிடக் கூடாது. முதலில் பெடலின் தளர்வு இடைவெளியைப் பார்க்க வேண்டும். பல மாதிரிகளில் இது சுமார் 20 முதல் 30 மி.மீ. இருக்கும். இடைவெளியே இல்லாவிட்டால் நல்ல பிளேட்டும் வழுக்கும். அப்போது இணைப்புக் கம்பியைச் சரிசெய்தாலே போதும்.

ஏன் இரண்டாகப் பிரிக்க வேண்டும்?

லாரியைப் போல டிராக்டருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்புக் கூடுகளே ஒன்றோடொன்று போல்ட் போடப்பட்டு வண்டியின் முதுகெலும்பாகின்றன. 1917-இல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் இம்முறையைப் பரவலாக்கியது. சென்னையில் 1960-இல் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் தயாரித்த மாசி ஃபெர்குசன் வண்டிகளும் இவ்வகையே. எனவே கிளட்சை அடைய, வண்டியை நடுவில் பிரிக்க வேண்டும்.

உயிர்காக்கும் ஏற்பாடுகள்

இந்த வேலையின் உண்மையான ஆபத்து எடைதான். முன் அச்சு நடுவில் ஒரே முளையில் ஊசலாடும்படி அமைந்துள்ளது. பின்பாதியிலிருந்து பிரிந்தவுடன் எஞ்சின் பக்கவாட்டில் சாயும். அதனால் முன் அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இருபுறமும் மர ஆப்புகளை இறுக அடிக்க வேண்டும்.

- சமமான, கெட்டியான தரையில் மட்டுமே பிரிக்க வேண்டும்; சரிவிலும் ஈரமண்ணிலும் கூடாது.
- பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்க வேண்டும்.
- கியர்பாக்ஸின் கீழ் உறுதியான தாங்கியும், எஞ்சினின் கீழ் உருளும் ஜாக்கியும் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது.
- ஒருவர் மட்டும் செய்யக் கூடாது.

செய்முறை

1. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பானெட், டீசல் குழாய்கள், ஒயர்கள், ஸ்டியரிங் கம்பிகள் ஆகியவற்றை அடையாளமிட்டு எடுக்கவும்.
2. சுற்றுப் போல்ட்டுகளைக் கழற்றி, முன்பாதியை நேராக முன்னே நகர்த்தவும்.
3. பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் சிறிது சிறிதாகத் தளர்த்தவும். பழைய பிளேட் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளவும்.
4. பழைய பிளேட்டுகளின் தூசியில் கல்நார் இருக்கலாம். காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கவும்.
5. பிளேட்டில் எண்ணெய் படிந்திருந்தால், கசியும் ஆயில் சீலையும் மாற்றவும்; இல்லையேல் புதுப் பிளேட்டும் வீணாகும். ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் இரண்டையும் இப்போதே மாற்றுவது நல்லது.
6. புதுப் பிளேட்டை அளவான தண்டு செருகி நடுமையப்படுத்திய பின் பிரஷர் பிளேட்டை முடுக்கவும். அதன் விரல்கள் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

மீண்டும் இணைத்தல்

இரு பாதிகளும் கையால் தள்ளும்போதே ஒட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் தண்டின் பற்கள் பொருந்தவில்லை என்று பொருள். ஃப்ளைவீலைச் சற்றே திருப்பிப் பொருத்த வேண்டும். போல்ட்டை முடுக்கி இழுத்தால் கூடு வெடிக்கும் அல்லது புதுப் பிளேட் வளையும்.

பாதி மிதியில் வண்டியும் முழு மிதியில் பி.டி.ஓ. தண்டும் நிற்கும் இரட்டைக் கிளட்ச் வண்டிகளில், விரல்களின் உயரத்தை அளக்கத் தனிக் கருவி தேவை. அந்தப் பகுதியை மட்டுமாவது பட்டறையில் கொடுத்துச் சரிசெய்வதே சிக்கனம்.